92 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்வி எதற்கு?

கேள்வி: எங்கள் மருத்துவச் சங்கத்தின் இரண்டு நாள் மாநாட்டுக்கு நான் அறிவியல் குழுச் செயலாளர். 400 பேர் வருவார்கள், மூன்று அரங்குகள். சென்ற முறை போன் வழியாக வாக்கெடுப்பு வைத்தோம். முதல் கேள்விக்கு 210 பேர் பதில் சொன்னார்கள். இரண்டாம் நாள் மாலையில் 40 பேர்கூட இல்லை. காலையில் நன்றாக ஓடிய வைஃபை, பிற்பகலில் பலருக்கு இணைப்பே தரவில்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு 90 சதவீதத்துக்கு மேல் சரியான விடை வந்தது, ஒன்றுக்கு 92. பின்னூட்டத்தில் ‘சுவாரசியமாக இருந்தது’ என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ‘யாராவது எதையாவது கற்றார்களா’ என்று செயற்குழுவில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இந்த முறை கிளிக்கர் கருவிகளை (பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் கையடக்கக் கருவி) வாடகைக்கு எடுக்கலாமா? ஓர் உரைக்கு எத்தனை கேள்வி வைக்கலாம்? மூத்த பேச்சாளர் ஒருவர் ‘இந்த விளையாட்டெல்லாம் எனக்கு வேண்டாம்’ என்கிறார். அவரை என்ன செய்வது?

பதில்:

டாக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

கருவியைப் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் கடிதத்தில் முக்கியமான எண் 210-உம் இல்லை, 40-உம் இல்லை, 92. அரங்கில் இருப்பவர்களில் 92 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டு, ‘சபாஷ், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது’ என்று பேச்சாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பார். மூன்றாவது முறை அப்படி நடந்ததும் கேட்பவர் போனை வேறு வேலைக்குத் திருப்பிவிடுவார். தாம் அழுத்திய பொத்தானால் அரங்கில் எதுவும் மாறுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. 40 ஆகக் குறைந்ததில் வைஃபைக்குப் பங்கு உண்டு. ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் போட முடியாது.

வாக்கெடுப்புக்கு ஒரே விதி: முடிவைப் பார்த்தபின் பேச்சாளர் அடுத்துச் செய்வது மாற வேண்டும். எந்த முடிவு வந்தாலும் அதே ஸ்லைடுதான் என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

இதற்கு ஒரு பழைய, பயன்படுத்திப் பார்த்த முறை இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990-களில் உருவாக்கியது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக வாக்களிப்பார்கள். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடிப்படையே புரியவில்லை என்று பொருள்; திரும்ப விளக்க வேண்டும். 70-க்கு மேல் போனால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இரண்டுக்கும் இடையில் விழுந்தால், விடையைச் சொல்லாமல், ‘உங்களிடமிருந்து மாறுபட்ட பதில் சொன்ன ஒருவரைப் பக்கத்தில் தேடி, ஏன் என்று அவரிடம் விளக்குங்கள்’ என்று இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி வாக்கெடுக்க வேண்டும். கற்றல் நடப்பது அந்த இரண்டு நிமிடத்தில். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டுமல்ல விஷயம். 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், பேசிக்கொண்ட குழுவில் ஒருவருக்கும் முதலில் விடை தெரியாத நிலையிலும், பேசிய பிறகு அதே கருத்தைப் பற்றிய புதிய கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வது கூடியது.

ஆகவே உங்கள் பேச்சாளர்களிடம் ‘மூன்று கேள்வி அனுப்புங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘அரங்கில் பாதிப் பேர் தவறாகச் சொல்வார்கள் என்று நீங்கள் நினைக்கும் ஒரு கேள்வி அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். வரும் கேள்விகளின் தரமே மாறிவிடும்.

ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகைபற்றிய உரை. வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: ‘பின்வருவனவற்றுள் பொட்டாசியத்தைக் குறைக்காதது எது?’ எதிர்மறைக் கேள்வி. மனப்பாடம் போதும். ‘குறைக்காதது’ என்பதிலுள்ள எதிர்மறையைக் கவனிக்காதவர் தவறுவார். அவருடைய தவறிலிருந்து பேச்சாளருக்கு எதுவும் தெரியவராது. அதையே இப்படி மாற்றலாம்:

62 வயதுப் பெண். நீண்டநாள் சிறுநீரக நோய். இரண்டு நாளாகத் தளர்ச்சி. பொட்டாசியம் லிட்டருக்கு 7.2 மில்லிமோல். இசிஜியில் பி அலை இல்லை, க்யூஆர்எஸ் அகன்றிருக்கிறது. ஐ.வி. லைன் போட்டாயிற்று. முதலில் எது?
ஏ. இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும்
பி. கால்சியம் குளுக்கோனேட்
சி. சால்பூட்டமால் நெபுலைசேஷன்
டி. உடனடி டயாலிசிஸ் ஏற்பாடு

நான்கும் இந்த நோயாளிக்குத் தேவைப்படக்கூடியவைதான். ‘இது அபத்தம்’ என்று எதையும் ஒதுக்க முடியாது. ஏ-வைத் தேர்ந்தவர் எண்ணைக் குறைக்கப் பார்க்கிறார். டி-யைத் தேர்ந்தவர் நிரந்தரத் தீர்வுக்கு ஓடுகிறார். இதயம் அதுவரை தாங்குமா என்ற கேள்வி இருவருக்கும் எழவில்லை. வாக்கு முடிவு வரைபடத்தில் எந்தப் பட்டை உயர்ந்தாலும் பேச்சாளருக்கு எங்கே பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். நல்ல தவறான தெரிவு என்பது இதுதான்: அறைக்குள் உண்மையிலேயே உலவும் ஒரு தவறான எண்ணத்துக்குப் பெயர் வைப்பது. அப்படி மூன்று தெரிவுதான் கிடைக்கிறது என்றால் மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவதை நிரப்ப ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று போடாதீர்கள். தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படித்துப் பாருங்கள். அப்போதே ஒரு நிபுணர் விடை சொல்ல முடிந்தால் கேள்வி சரி. தெரிவுகளைப் பார்த்தால்தான் என்ன கேட்கிறார்கள் என்றே புரிகிறது என்றால் திருப்பி அனுப்புங்கள்.

ஆனால் உங்கள் அரங்கில் 85 சதவீதம் பேர் சரியான விடையான பி-யைச் சொல்லிவிடலாம், பயிற்சிக் காலத்தில் உருப்போட்ட வரிசை அது. அதனால் இதோடு ஒட்டி இரண்டாம் கேள்வி ஒன்று வேண்டும்:

கால்சியம் கொடுத்து 5 நிமிடத்தில் இசிஜி சீராகிவிட்டது. வேறு எதுவும் இன்னும் கொடுக்கவில்லை. இப்போது பொட்டாசியத்தை மீண்டும் பார்த்தால்?
ஏ. 6-க்குக் கீழே
பி. 6-க்கும் 6.5-க்கும் இடையில்
சி. ஏறக்குறைய அதே 7.2

விடை சி. கால்சியம் இதயத் தசையின் சவ்வைக் காக்கிறது, பொட்டாசியத்தைத் தொடுவதில்லை. காப்பும் 30 முதல் 60 நிமிடம்வரைதான். இசிஜி அழகாகிவிட்டது என்று நிம்மதியடைந்து இன்சுலினைத் தாமதப்படுத்துபவருக்கு இந்தக் கேள்விதான் மருந்து. முதல் கேள்வியில் சரியாகச் சொல்லி இரண்டாவதில் வழுக்கியவர், தமக்குத் தெரிந்தது வரிசை மட்டுமே, காரணம் இல்லை என்பதைத் தாமே கண்டுகொள்கிறார். பேச்சாளர் யாரையும் சுட்ட வேண்டியதில்லை.

உறுதியோடு சொல்லும் தவறுக்குத் தனி மதிப்பு உண்டு. ‘நிச்சயம் இதுதான்’ என்று நினைத்துத் தவறியவர், ஊகித்துத் தவறியவரைவிடத் திருத்தத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார் என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் காட்டினார்கள். ஆகவே விடையோடு ‘எவ்வளவு உறுதி: அதிகம், நடுத்தரம், ஊகம்’ என்று இன்னொரு தட்டு கேட்பது வீண் வேலை இல்லை. இதற்கு எடுத்துக்காட்டாக மருத்துவர்களிடம் எப்போதும் வேலை செய்யும் கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு, பரிசோதனையின் பொய் நேர்மறை (நோயில்லாதவருக்கும் நோய் என்று காட்டுவது) 5 சதவீதம், ஒருவருக்கு முடிவு நேர்மறை, அறிகுறி எதுவும் தெரியாது. அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 1978-இல் ஹார்வர்டின் போதனா மருத்துவமனைகளில் 60 பேரிடம் கேட்டபோது 11 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். 27 பேர் ‘95 சதவீதம்’ என்றார்கள். சரியான விடை ஏறக்குறைய 2. (உண்மையான நோயாளி யாரையும் பரிசோதனை தவறவிடாது என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேரில் உண்மையான நேர்மறை 1, பொய் நேர்மறை சுமார் 50, 51-இல் 1.) 2014-இல் வெளியான மறு ஆய்வில் 61 பேரில் 14 பேர் சரி. முப்பத்தாறு ஆண்டில் பெரிய மாற்றம் இல்லை. இந்த மாதிரிக் கேள்விக்குத் தெரிவுகளே கொடுக்காதீர்கள், எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ‘2’ என்று ஒரு தெரிவு கண்ணில் பட்டாலே சிலர் உஷாராகிவிடுவார்கள்.

இதற்கு மாறாக, சரியான விடை என்று ஒன்று இல்லாத இடங்களும் மருத்துவத்தில் ஏராளம். அங்கே வற்புறுத்தி ஒரு விடையைச் ‘சரி’ என்று அறிவித்தால் அரங்கே எதிர்க்கும். எதிர்ப்பு நியாயமாகவும் இருக்கும். அத்தகைய இடத்தில், ‘இந்தப் புதிய தகவல் உங்கள் சந்தேகத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா’ என்று −2 முதல் +2 வரையான அளவில் கேட்டு, மேடையில் இருக்கும் நான்கைந்து நிபுணர்களின் வாக்கை அரங்கின் வாக்குக்குப் பக்கத்தில் காட்டுங்கள். நிபுணர்களும் ஒத்துப்போகவில்லை என்பதைப் பார்ப்பதே இளம் மருத்துவர்களுக்கு ஒரு பாடம்.

இப்போது நேரக் கணக்கு. படிக்க 30 நொடி (பேச்சாளர் உரக்கப் படிக்கக் கூடாது, அவர் படிக்கும்போது யாராலும் யோசிக்க முடியாது). வாக்களிக்க 40 நொடி. பக்கத்தவரோடு பேச 2 நிமிடம். மறு வாக்குக்கு 30 நொடி. விளக்கத்துக்கு 2 நிமிடம். மொத்தம் 5 நிமிடம் 40 நொடி. பேச்சு இல்லாத குறுஞ்சுற்று என்றால் 3 நிமிடம். 20 நிமிட உரையில் ஒரு முழுச் சுற்று, ஒரு குறுஞ்சுற்று. அதற்கே 8 நிமிடம் 40 நொடி போய்விடும். அதனால் ஸ்லைடுகளில் ஏறக்குறைய பாதி போக வேண்டும். பேச்சாளர் ஒப்புக்கொள்ளாத இடம் இதுதான். இருக்கும் 40 ஸ்லைடோடு இரண்டு கேள்வியையும் செருகிவிட்டு, கடைசியில் நேரம் போதாமல் ‘விடை பி, நன்றி’ என்று முடிப்பார். 45 நிமிட உரைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் முழுவதற்கும் ஓர் அரங்கில் 12 முதல் 15 கேள்வி என்ற உச்சவரம்பு வையுங்கள். எந்த அமர்வுக்கு எத்தனை என்று குழுவே பங்கிடட்டும்.

வாக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே பட்டைகளைத் திரையில் ஓட விடுவது மிகப் பரவலான தவறு. பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் பத்தாவது நொடியில் எந்தப் பட்டை உயர்கிறதோ அதற்கே மீதிப் பேர் போவார்கள். விவாதத்துக்கு முன்பே முடிவைக் காட்டினாலும் இதே கதைதான்: பெரும்பான்மை விடைக்கு மாறுகிறவர்கள் கூடுகிறார்கள், அந்த விடை சரியோ தவறோ. மென்பொருளில் ‘முடிந்தபின் காட்டு’ என்ற அமைப்பு இருக்கும். எல்லாக் கேள்விக்கும் அதையே போட்டுவிடுங்கள். எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண் மட்டும் தெரியலாம், அது தயங்குபவரைத் தள்ளிவிடும். முதல் வாக்கு முடிந்ததும் பேச்சாளர் மட்டும் தம் திரையில் முடிவைப் பார்த்து, ‘இரண்டு விடைக்கு நடுவே பிரிந்து நிற்கிறீர்கள், பேசுங்கள்’ என்றால் போதும். எந்த இரண்டு என்று சொல்ல வேண்டாம். பட்டைகளுக்குச் சிவப்பும் பச்சையும் வேண்டாம். நிறக்குறைபாடு உள்ளவர்கள் அரங்கில் இருப்பார்கள், தவிரவும் பச்சைப் பட்டை ‘இதுதான் சரி’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வேகமாகச் சொன்னவருக்குக் கூடுதல் மதிப்பெண், முன்னணிப் பட்டியலில் பெயர் என்பவை பள்ளி வகுப்புக்குப் பொருந்தலாம். மருத்துவ மாநாட்டில் அவற்றை அணைத்து வைப்பதே நல்லது. வேகத்துக்குப் பரிசு வைத்தால் கேள்வியைப் பாதியில் படித்து அழுத்துவார்கள்; நோயாளி முன்னாலும் நாம் விரும்பாத பழக்கம் அது. பெயர் தெரியும் என்றால், துறைத் தலைவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதுநிலை மாணவர் அவர் போனை எட்டிப் பார்த்துத்தான் வாக்களிப்பார்.

சரி, கருவி.

உங்கள் வைஃபை பிற்பகலில் ஏன் கைவிட்டது என்பதை ஊகிக்க முடிகிறது. காலையில் இணைந்தவர்களுக்கு ஓடிக்கொண்டிருந்து, புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் இணைப்புக் கிடைக்காமல் இருந்திருந்தால், பெரும்பாலும் வேகம் குற்றவாளி இல்லை, இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் முகவரி தீர்ந்திருக்கும். வழக்கமான ரவுட்டர் அமைப்பில் ஒரு வலையமைப்புக்கு 254 முகவரிகள்தான். 400 பேர், ஆளுக்கு ஒரு போன், பலரிடம் லேப்டாப், சிலரிடம் கைக்கடிகாரம். ஒரு முறை கொடுத்த முகவரியை 24 மணி நேரம் ஒதுக்கி வைக்கும்படி அமைத்திருந்தால், காபிக்கு வந்துவிட்டுப் போனவரின் போன்கூட மாலைவரை ஓர் இடத்தைப் பிடித்திருக்கும். அரங்கின் தொழில்நுட்பப் பணியாளரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: முகவரித் தொகுதியை 1022 அல்லது 2046 ஆக விரிக்க முடியுமா, ஒதுக்கீட்டுக் காலத்தை 1 மணி நேரமாகக் குறைக்க முடியுமா. இரண்டும் அமைப்பு மாற்றம்தான். புதிய கருவி தேவையில்லை.

மூன்றாவதாக ஒன்று: இணைந்ததும் பெயரும் எண்ணும் கேட்டுக் கடவுச்சொல் அனுப்பும் நுழைவுப் பக்கம் இருந்தால், மாநாட்டுக்கு மட்டும் அது இல்லாத தனி வலையமைப்புக் கேளுங்கள். போன் உறங்கி எழும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்ப வந்து நிற்கும். 40 நொடி வாக்கெடுப்பில் 30 நொடியை அது தின்னும். பெரிய அரங்கில் ஓர் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (வைஃபை சிக்னல் தரும் கருவி) 50 பேர் என்று கணக்கு வையுங்கள். எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டும். வாக்கு என்பது சிறு துளித் தரவு. சுமை வருவது 300 பேர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறக்கும்போது. அதனால் முதல் கேள்வி வரும்போது இணையச் சொல்லாமல், அமர்வு தொடங்குவதற்கு முன் ஆட்கள் வந்து உட்காரும் பத்து நிமிடத்திலேயே இணைத்துவிட வேண்டும். அப்போது திரையில் ஒரு சோதனைக் கேள்வி நிற்கட்டும். ‘எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்’ வேண்டாம். ‘எத்தனை ஆண்டு அனுபவம், எந்தத் துறை’ என்று கேளுங்கள். பிறகு விடைகளை அதன்படி பிரித்துப் பார்க்கலாம்.

க்யூஆர் கோடைத் திரையில் ஒரு மூலையில் போட்டுவிட்டுப் பின்வரிசை ஏன் வரவில்லை என்று கேட்பதில் பயனில்லை. தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 25 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டரை மீட்டர் அகலமுள்ள க்யூஆர் கோடு தேவை. அதைவிட நாற்காலியின் முதுகிலோ, வாசலில் கொடுக்கும் சிறு அட்டையிலோ அச்சடியுங்கள். க்யூஆர் கோடுக்குக் கீழே கையால் தட்டச்சு செய்யக்கூடிய குறு முகவரியும் இருக்கட்டும். மூன்று அரங்கு என்பதால் அட்டையின் நிறமும் மூன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் அரங்கின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றாம் அரங்கில் உட்கார்ந்து, அங்கே கேட்காத கேள்விக்கு வாக்களிப்பார்கள். முதல் அரங்குக்காரர் ‘என்ன, ஆளைவிட வாக்கு அதிகமாக இருக்கிறது’ என்று விழிப்பார்.

இவ்வளவும் அரங்கில் சாத்தியமில்லை, போன் சிக்னலும் எட்டாத நிலவறை அரங்கு என்றால், கிளிக்கர் எடுங்கள். அது ரேடியோவில் பேசும், இணையம் தேவையில்லை, அழுத்தியதும் போய்ச் சேர்ந்ததா என்று விளக்கு காட்டும், கவனத்தைக் கலைக்க அதில் வாட்ஸ்அப்பும் இல்லை. குறைகளும் உண்டு. பெரும்பாலும் தெரிவுக் கேள்விதான். எக்ஸ்ரேயில் விரல் வைத்துக் காட்டச் சொல்ல முடியாது. மூன்று அரங்கும் பக்கத்துப் பக்கத்தில் என்றால் ஒவ்வொரு ரிசீவரையும் வெவ்வேறு சேனலில் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சுவரைத் தாண்டி வாக்கு கலக்கும். வாடகைக்காரரிடம் பத்து சதவீதம் உபரி கேளுங்கள், பேட்டரி புதிதா என்று கேளுங்கள். அரங்கு வாசலில் கொடுத்து வாசலிலேயே வாங்க இரண்டு ஆள் வேண்டும். அடையாள அட்டையை ஈடாக வாங்கிக்கொண்டு கொடுத்தால் கருவி காணாமல் போவது பெருமளவு நிற்கும். உங்கள் வைஃபைக் கோளாறு அமைப்பு மாற்றத்தில் சரியாகக்கூடியது என்பதால், என் பரிந்துரை போன்தான். கிளிக்கருக்குப் போகும் பணத்தை மூன்று ஆப்பரேட்டர்களுக்குச் செலவிடுங்கள்.

ஆப்பரேட்டர் என்றது ஏன் என்றால், பேச்சாளரே வாக்கெடுப்பையும் ஓட்டினால் இரண்டும் கெடும். மாநாடுகளில் உரைகள் பெரும்பாலும் மையக் கணினியிலிருந்து ஓடும். பேச்சாளர் தம் லேப்டாப்பில் நிறுவிவைத்த வாக்கெடுப்பு இணைப்பு நிரல் அங்கே இருக்காது. கேள்வி வர வேண்டிய இடத்தில் வெற்று ஸ்லைடு நிற்கும். இணைப்பு நிரலையே நம்பாதீர்கள். கேள்விகளைத் தனி லேப்டாப்பில் வையுங்கள். ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்ச்சர் மூலம் உரைக்கும் கேள்விக்கும் இடையே ஆப்பரேட்டர் மாற்றிக்கொடுப்பார். பேச்சாளரின் ஸ்லைடில் அந்த இடத்தில் ‘கேள்வி 2’ என்று மட்டும் எழுதிய ஒரு கறுப்பு ஸ்லைடு இருந்தால் போதும், அதுதான் சைகை. அந்த லேப்டாப்புக்கு வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். அறிவிப்புகளை அணையுங்கள், உறக்க அமைப்பையும் அணையுங்கள். மென்பொருளின் இலவசத் திட்டத்தில் எத்தனை பேருக்கு அனுமதி என்பதை இப்போதே பாருங்கள். எண்ணிக்கை தாண்டியதும் வாக்கு நிற்கும், காரணம் யாருக்கும் புரியாது.

எல்லாம் போனாலும் கைவசம் ஒரு வழி இருக்கட்டும்: ஏ, பி, சி, டி என்று நான்கு நிறத்தில் அச்சடித்து நான்காக மடித்த ஒரே ஓர் அட்டை, ஒவ்வொரு நாற்காலியிலும். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றதும் நெஞ்சோடு பிடித்துக் காட்டினால் மேடையிலிருந்து நிறத்தைப் பார்த்தே விகிதம் சொல்லிவிடலாம். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

கேள்வியில் படம் வைத்தால், பெயரை ஸ்லைடில் மறைப்பதோடு நிற்காதீர்கள். அல்ட்ராசவுண்ட் படத்தின் மூலையில் நோயாளி பெயரும் எண்ணும் படத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கும்; வாக்கெடுப்புப் பக்கத்தில் ஏற்றிய படத்தை 300 பேர் போனில் சேமிக்க முடியும். வெட்டிவிட்டு ஏற்றுங்கள். மருந்து நிறுவன ஆதரவில் நடக்கும் அமர்வு என்றால், தெரிவுகளில் பொதுப் பெயர் மட்டும். கேள்வியை அறிவியல் குழு பார்த்து ஒப்ப வேண்டும். வாக்கு விவரம் ஆதரவாளருக்குப் போகாது என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செயற்குழுக் கேள்விக்கு வருவோம். ‘சுவாரசியமாக இருந்தது’ என்பது கற்றலுக்குச் சாட்சி இல்லை. சில நேரம் தலைகீழாகவும் இருக்கும். ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள், ஒரு முறை படித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியவர்களைவிட, ஐந்து நிமிடம் கழித்து அதிகம் சொன்னார்கள்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை திரும்பியது: 40-க்கு 61. அதிகம் நினைவிருக்கும் என்று நம்பியவர்களோ, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். அரங்கை விட்டு வெளியேறும் வாசலில் வாங்கும் படிவம் இதைக் காட்டாது.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம். ஒவ்வோர் அமர்விலும் ஒரு கேள்வியை முன்னால் கேளுங்கள்; முடிவில் அதே கருத்தை வேறு நோயாளியை வைத்துக் கேளுங்கள். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் விடையின் எழுத்து மட்டும் நினைவிருப்பவரும் தேறிவிடுவார். பிறகு கணக்கிடும்போது இரண்டுக்கும் பதில் சொன்னவர்களை மட்டும் எடுங்கள். முன்னால் 210 பேரில் 40 சதவீதம், பின்னால் 90 பேரில் 70 சதவீதம் என்று எழுதினால், தெரியாதவர்கள் காபி குடிக்கப் போனதும் அந்த வித்தியாசத்தில் சேர்ந்துவிடும். பெரும்பாலான மென்பொருள்கள் பெயர் கேட்காமலே ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் கொடுத்து ஏற்றுமதிக் கோப்பில் காட்டும். அதை வைத்து இணைக்கலாம். இணைத்த தரவுக்கு மெக்நெமர் சோதனை (ஒரே ஆட்களின் முன்-பின் விடைகளை ஒப்பிடும் புள்ளியியல் முறை). ஒப்பிட எளிய அளவு வேண்டும் என்றால், கூடிய சதவீதத்தைக் கூடக்கூடிய சதவீதத்தால் வகுங்கள்: 40-லிருந்து 70 என்றால் 60-இல் 30, அதாவது 0.5. அரங்கில் எத்தனை தலை இருந்தது என்பதையும் ஆப்பரேட்டர் ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணி எழுதட்டும். ‘90 பேர் வாக்களித்தார்கள்’ என்பதற்கு, இருந்தது 100 பேரா 300 பேரா என்று தெரிந்தால்தான் பொருள்.

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அரங்கில் அதிகம் பேர் தவறிய கருத்துகளிலிருந்து ஐந்து புதிய கேள்விகளை அனுப்புங்கள். எல்லாரும் திறக்க மாட்டார்கள். திறந்தவர்களுக்கு அது இரண்டாம் பாடம். உங்களுக்குச் செயற்குழுவிடம் வைக்க ஓர் உண்மையான எண்.

மூத்த பேச்சாளரை விட்டுவிடுங்கள். விருப்பமில்லாதவர் கையில் கேள்வியைத் திணித்தால் ‘விடை எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று அதைக் கொன்றுவிடுவார். அவர் உரை முழுதாக, இடையூறின்றி நடக்கட்டும். அந்த உரையிலிருந்து இரண்டு கேள்விகளை அமர்வின் நெறியாளர் எழுதி, விடைகளை அவரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டு, மறுநாள் காலை அதே அரங்கின் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்கட்டும். அந்த நேரத்தில் அவரும் அரங்கில் இருக்கும்படி நிகழ்ச்சி நிரலைப் போடுங்கள்.